வயலில் தெளித்த விஷம் உடலில் தங்கினால்?

சர்க்கரை வியாதியும் தொப்பையும் பட்டணத்துப் பணக்காரர்களின் சொத்து என்று எண்ணியிருந்த காலம் போய்விட்டது. கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரைக்காக வரிசையில் நிற்பவர்களில் இரண்டு ஏக்கரில் சம்பா சாகுபடி செய்பவரும் உண்டு. கூலிக்கு மருந்து அடிப்பவரும் உண்டு. 'சோற்றைக் குறையுங்கள், தினமும் நடங்கள்' என்று டாக்டர்கள் கூறுகிறார்கள். அது சரியான யோசனையே. ஆனால் விடிந்ததிலிருந்து சேற்றிலும் வரப்பிலும் நடந்து உழைக்கும் ஒருவருக்கு இடுப்புச் சுற்றளவு ஏன் கூடுகிறது, ரத்தத்தில் சர்க்கரை ஏன் ஏறுகிறது என்ற கேள்விக்கு அது முழுமையான விடையாகாது.

இந்தக் கேள்விக்கு விடை தேடும் விஞ்ஞானிகள் கடந்த இருபது ஆண்டுகளாக இன்னொரு காரணத்தையும் ஆராய்ந்து வருகின்றனர். வயலில் தெளிக்கும் பூச்சி மருந்து, உணவைச் சுற்றிவரும் பிளாஸ்டிக், தொழிற்சாலைக் கழிவு ஆகியவற்றிலுள்ள சில ரசாயனங்கள் உடலின் கொழுப்புச் சேமிப்பையும் சர்க்கரைக் கட்டுப்பாட்டையும் குலைக்கக்கூடும் என்பதே அது. இது சிறு விவசாயிகள் மற்ற எவரையும்விடக் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய செய்தி. ஏனெனில் மருந்தைக் கலப்பவரும் தெளிப்பவரும் அந்த வயலின் விளைச்சலை முதலில் உண்பவரும் அவர்களே.

கணக்கு கூறுவது என்ன?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடைபெற்ற ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியாயின. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை வியாதி உள்ளது என்றும், தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவிகிதம் பேர் இதனால் பாதிக்கப்பட்டுள்ளனர் என்றும் அது கூறுகிறது. தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 2015-16-ல் தமிழ்நாட்டுப் பெண்களில் அதிக எடை உடையோர் 30.9 சதவிகிதமாக இருந்தனர். 2019-21-ல் இது 40.4 சதவிகிதமாகிவிட்டது. ஆண்களில் 28.2 சதவிகிதம் 37 ஆக உயர்ந்துள்ளது. நான்கைந்து ஆண்டுகளில் இவ்வளவு ஏற்றம்!

இதில் பெரும்பங்கு உணவுக்கும் உழைப்புக் குறைவுக்கும் உரியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று வேளையும் தீட்டிய அரிசி. அதற்குத் தொட்டுக்கொள்ளப் பருப்பும் காயும் சிறிதளவு. நடுவே சர்க்கரை கூடிய டீ, மாலையில் எண்ணெய்ப் பலகாரம் என்ற பழக்கம் கிராமங்களிலும் வேரூன்றிவிட்டது. அறுவடை இயந்திரமும் மோட்டார் பம்பும் மொபெட்டும் வந்தபின் உடலுழைப்பு குறைந்ததும் உண்மை. ஆனாலும் ஒரே அளவு உண்டு, ஒரே அளவு உழைக்கும் இருவரில் ஒருவருக்கு மட்டும் உடல் பெருப்பதற்கு வேறு காரணங்களும் இருக்க வேண்டும். பரம்பரை ஒன்று, உறக்கக் குறைவு ஒன்று, ரசாயனங்கள் இன்னொன்றாக இருக்கலாம்.

பரங்கிப்பேட்டையில் நடந்த ஆராய்ச்சி

தெளித்த மருந்து எங்கே போகிறது என்ற கேள்விக்கு உலகம் எடுத்துக்காட்டும் விடைகளில் ஒன்று கடலூர் மாவட்டத்திலேயே கிடைத்தது என்பது விவசாயிகள் பலருக்குத் தெரியாது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் உயராய்வு மைய விஞ்ஞானிகளும், ஜப்பான் நாட்டு எஹிமே பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் சேர்ந்து 1980-களின் இறுதியில் இந்த ஆராய்ச்சியை நடத்தினர். அப்போது நெற்பயிருக்கு பி.எச்.சி. தூள் தாராளமாகத் தூவப்பட்டு வந்தது. வெள்ளாற்றுப் பாசனப் பகுதியின் காற்று, ஆற்று நீர், வண்டல், வயல் மண் ஆகியவற்றின் மாதிரிகள் எடுக்கப்பட்டு, பி.எச்.சி.யின் நஞ்சு எவ்வளவு உள்ளது என்று அளவிடப்பட்டது.

முடிவு வியப்பளித்தது. வயலில் இட்ட பி.எச்.சி.யில் 99.6 சதவிகிதம் ஆவியாகிக் காற்றில் கலந்துவிடுகிறது, 0.4 சதவிகிதமே வடிகால் வழியாக ஆற்று முகத்துவாரத்தைச் சேருகிறது என்று 1991-ல் வெளியான கட்டுரையில் அவர்கள் கணக்கிட்டனர். வெப்பம் மிகுந்த பூமி. தேங்கி நிற்கும் நீர். இரண்டும் சேர்ந்து மருந்தை மேலே கிளப்பிவிடுகின்றன. பரங்கிப்பேட்டைக் காற்றில் இதன் அளவு நெல் சாகுபடிப் பருவமான ஆகஸ்டு முதல் ஜனவரி வரை கூடியிருந்ததும் தெரிய வந்தது.

இதிலிருந்து சிறு விவசாயி அறிய வேண்டியது ஒன்று உண்டு. சந்தைக்குப் போகும் கத்தரிக்கு மருந்தடித்துவிட்டு, வீட்டுச் செலவுக்கென்று ஓரத்தில் நான்கு செடியை மருந்து படாமல் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். விஷத்தின் தன்மை அவர்களுக்குத் தெரிந்தே இருக்கிறது. ஆனால் காற்றுக்கு வரப்பு கிடையாது. பக்கத்து வயலில் அடித்ததும் அந்த நான்கு செடியின் மேல் படியும். கிணற்றடியில் காயப்போட்ட துணியின் மேலும் படியும்.

வைக்கோலிலிருந்து நெய் வரை

பி.எச்.சி., டி.டி.டி. போன்ற பழைய மருந்துகளுக்கு ஒரு குணம் உண்டு. அவை தண்ணீரில் எளிதில் கரைவதில்லை, கொழுப்பில் கரைகின்றன. ஆகவே சிறுநீர் வழியே வெளியேறாமல் உடற்கொழுப்பில் போய்த் தங்குகின்றன. குதிரில் கொட்டிய நெல்லைப் போல ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கின்றன.

நெல்லுக்குத் தூவிய மருந்தில் ஒரு பகுதி வைக்கோலில் ஒட்டியது. வைக்கோலை மாடு தின்றது. மாட்டின் கொழுப்பில் சேர்ந்த விஷம் பாலில் இறங்கியது. பாலிலிருந்து வெண்ணெய்க்கும் நெய்க்கும் சென்றது. இந்திய உணவுப் பொருள்களைச் சோதித்த எஹிமே பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், இந்தப் பழைய மருந்துகள் மனிதனுக்குச் செல்லும் முக்கிய வழி பால் பொருள்களும் இறைச்சியுமே என்று 1992-ல் அறிவித்தனர். மீன், முட்டை வழியாகவும் ஓரளவு சென்றது. தாய்ப்பாலிலும் இவை இருப்பது இந்தியாவின் பல இடங்களில் கண்டறியப்பட்டது.

இதைப் படிக்கும் தாய்மார்கள் பயந்து குழந்தைக்குப் பால் கொடுப்பதை நிறுத்திவிடக்கூடாது. தாய்ப்பாலின் நன்மை இத்தகைய தீமையைவிடப் பன்மடங்கு பெரியது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. நிறுத்தப்பட வேண்டியது விஷமே.

டி.டி.டி.யை விவசாயத்தில் உபயோகிப்பது 1989-ல் நிறுத்தப்பட்டது. பி.எச்.சி. 1997 ஏப்ரல் முதல் தடை செய்யப்பட்டது. எண்டோசல்பானை 2011-ல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. ஆனால் தடை உத்தரவு வந்த அன்றே உடலுக்குள் இருப்பது வெளியேறிவிடுவதில்லை. அந்தக் காலத்தில் மருந்து தூவியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே இன்று சாகுபடி செய்கின்றனர். பாட்டனார் தூவியது பேரப்பிள்ளையைத் தொடுமா என்பது இன்று கற்பனையான கேள்வி அல்ல.

கொழுப்பை வளர்க்கும் ரசாயனங்கள்

உடலில் கொழுப்பைச் சேமிப்பதும் செலவழிப்பதும் ஹார்மோன்கள் என்னும் சுரப்பு நீர்களின் ஆணைப்படி நடக்கின்றன. சில ரசாயனங்கள் இந்த ஹார்மோன்களைப் போல வேடமிட்டு, 'சேமித்து வை' என்று தவறான ஆணையைக் கொடுக்கின்றன. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் புரூஸ் பிளம்பர்க் என்பவர், 2006-ல் இத்தகைய ரசாயனங்களுக்கு 'ஒபிசோஜன்' என்று பெயரிட்டார். உடற்பருமனை உண்டாக்குபவை என்று அதற்குப் பொருள். கப்பலின் அடிப்புறத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்கப் பூசிய சாயத்திலிருந்த டிரைபியூட்டைல் டின் என்ற பொருளை அவருடைய குழுவினர் சினையுற்ற எலிகளுக்குக் கொடுத்தனர். பிறந்த குட்டிகளுக்குக் கொழுப்பு கூடுதலாகச் சேர்ந்தது. உலகக் கப்பல்களில் இச்சாயத்தைத் தடுக்கும் ஒப்பந்தம் 2008-ல் நடைமுறைக்கு வந்தது.

டி.டி.டி.யைப் பற்றிய ஆராய்ச்சி இன்னும் கவலை தருவதாகும். 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், கருவிலும் பிறந்த சில நாட்களிலும் டி.டி.டி.க்கு ஆட்பட்ட பெண் எலிகளின் உடல் வெப்பத்தை உண்டாக்கும் சக்தி குறைந்திருந்தது. வெப்பமாகச் செலவாக வேண்டியது கொழுப்பாக மிஞ்சியது. கலிபோர்னியாவில் 1959 முதல் 1967 வரை கருவுற்ற தாய்மார்களிடம் எடுத்துப் பாதுகாக்கப்பட்ட ரத்தத்தைச் சோதித்து, அவர்களது பேத்திகள் வரை தொடர்ந்து கவனித்த ஆய்வு 2021-ல் வெளியாயிற்று. உடல் பருமன் இல்லாத பாட்டிமார்களை எடுத்துக்கொண்டால், ரத்தத்தில் ஒருவகை டி.டி.டி. அதிகம் இருந்தவர்களின் பேத்திகளுக்கு உடல் பருமன் ஏற்படும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடியிருந்தது.

இன்று புழக்கத்திலுள்ள மருந்தும் இதற்கு விலக்கல்ல. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 2021-ல் குளோர்பைரிபாஸ் மருந்தைச் சிறு அளவில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். உடலில் வெப்பம் உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பின் வேலை மந்தமாகி, எலிகள் கொழுத்தன. இது எலியில் கண்டது; மனிதனில் இதே அளவில் நடக்கிறதா என்பது இன்னும் முடிவாகவில்லை. 2025-ல் சர்வதேச ஸ்டாக்ஹோம் ஒப்பந்த நாடுகள், சில விதிவிலக்குகளுடன், குளோர்பைரிபாஸைக் கைவிட வேண்டிய ரசாயனங்களின் பட்டியலில் சேர்த்துள்ளன.

மதுரைக் கிராமங்களில் கண்டது

தமிழ்நாட்டு விவசாயிகளைப் பற்றிய நேரடி ஆய்வு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நடந்தது. டாக்டர் கணேசன் வேல்முருகன், டாக்டர் சுப்பையா ராமசாமி ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும் மதுரை மாவட்டக் கிராமங்களில் 3,080 பேரைப் பரிசோதித்து, 2017-ல் முடிவை வெளியிட்டனர். பூச்சி மருந்துடன் நேரடித் தொடர்பு இல்லாதவர்களில் 6.2 சதவிகிதம் பேருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. நேரடித் தொடர்பு உள்ளவர்களில் இது 18.3 சதவிகிதம். ஏறத்தாழ மூன்று மடங்கு!

மோனோகுரோட்டோபாஸ் மருந்தை மிகச் சிறு அளவில் 180 நாட்கள் எலிகளுக்குக் கொடுத்தபோது, அவற்றின் ரத்தச் சர்க்கரை ஏறியது. ஏன் என்று ஆராய்ந்ததில், குடலில் வாழும் நுண்ணுயிர்கள் மருந்தைச் சிதைக்கும்போது உண்டாகும் அமிலங்களிலிருந்து உடல் சர்க்கரையைத் தயாரித்துவிடுகிறது என்று தெரிந்தது. ஆர்கனோ பாஸ்பரஸ் வகை மருந்துகள் சில நாட்களில் அல்லது வாரங்களில் சிதைந்துவிடும், ஆகவே பழைய மருந்துகளைவிடப் பாதுகாப்பானவை என்றே பல்லாண்டுகளாகக் கூறப்பட்டு வந்தது. சிதைவது உண்மை. ஆனால் சிதைவது வயிற்றுக்குள் என்றால், அதற்கும் ஒரு விலை உண்டு என்பதை இந்த ஆய்வு காட்டுகிறது. மேலும், வாரம் ஒருமுறை தெளிப்பவரின் உடலில் ஒன்று சிதைந்து முடிவதற்குள் அடுத்தது புகுந்துவிடுகிறது.

எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது

இத்தகைய செய்திகளைக் கேட்டவுடன் இரண்டு தவறான முடிவுகளுக்கு வருவது எளிது. 'எல்லாம் மருந்தால் வந்த வினை. சோறும் சர்க்கரையும் காரணமல்ல' என்பது ஒன்று. இது ஆபத்தானது. மருந்து அடிப்பவர்களுக்குச் சர்க்கரை வியாதி அதிகம் என்று கண்டதால், மருந்துதான் அதை உண்டாக்கியது என்று முழுமையாக நிரூபணமாகிவிடாது. வேறு காரணங்கள் கூடவே இருந்திருக்கலாம். எலியில் கண்டதெல்லாம் மனிதனுக்கும் பொருந்தும் என்பதில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையையோ இன்சுலினையோ 'விஷம் வெளியேறினால் போதும்' என்று நிறுத்துவது உயிருக்கே கேடு. விஷத்தை இறக்குவதாகக் கூறி விற்கப்படும் பொடிகளுக்கும் கஷாயங்களுக்கும் பணத்தை வீணாக்கவும் வேண்டாம்.

'நிரூபணமாகட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்பது மற்றொன்று. பி.எச்.சி. விஷயத்தில் இப்படித்தான் நடந்தது. அது பல்லாண்டுகள் தூவப்பட்டு, காற்றிலும் பாலிலும் நிறைந்த பிறகே தடை வந்தது. நிரூபணத்துக்காகக் காத்திருந்த காலத்தில் அதைச் சுவாசித்தவர்கள் விவசாயிகள். தேவையற்ற தெளிப்பைக் குறைப்பதால் எவருக்கும் நஷ்டம் இல்லை. செலவு குறைகிறது, நன்மை செய்யும் பூச்சிகள் பிழைக்கின்றன, உடலுக்குக் கேடு வருமோ என்ற சந்தேகமும் குறைகிறது. லாபம் நிச்சயமாகவும் இழப்பு இல்லாமலும் இருக்கும் காரியத்துக்கு முழு நிரூபணம் வரும்வரை காத்திருப்பது புத்திசாலித்தனமன்று.

பழி யாருக்கு?

மருந்தை அதிகம் அடிப்பதாக விவசாயியை மட்டும் குறை கூறுவது வழக்கமாகிவிட்டது. இது நியாயமன்று. ஒரு துளை இருந்தாலும் அந்தக் கத்தரிக்காயை வியாபாரி ஒதுக்கிவிடுகிறார். ஏனெனில் வாங்குபவர் அதைத் தொடுவதில்லை. துளையில்லாத காயை மட்டுமே கேட்கும் பட்டணத்து வீட்டார், அந்தக் கேள்வியாலேயே இன்னொரு டேங்க் மருந்தை அடிக்கச் சொல்கிறார்கள் என்பதை உணர வேண்டும். பயிரில் பூச்சி கண்டவுடன் விவசாயி முதலில் போகும் இடம் மருந்துக் கடை. விற்பவரே ஆலோசகராகவும் இருந்தால் ஆலோசனை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கடனில் வாங்கிய விதையும் உரமும் வயலில் இருக்கும்போது, பயிர் போய்விடுமோ என்ற பயத்தில் இரண்டு மூன்று மருந்துகளைக் கலந்து அடிப்பது மனித இயல்பே.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள குடிகாடு போன்ற கிராமங்களின் நிலைமை வேறு. 1980-களில் உருவான இந்த ரசாயனத் தொழிற்பேட்டையின் நாற்றத்தைப் பற்றி மக்கள் பலமுறை முறையிட்டனர். 2004-ல் அவர்களே காற்று மாதிரிகளைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பி, அதில் நச்சுப் பொருள்கள் இருப்பதை வெளிப்படுத்தினர். அங்கு வாழ்பவர் எந்த மருந்தையும் தெளிக்கவில்லை. ஆனாலும் சுவாசிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே இதைத் தனிமனிதனின் பழக்கம் என்று மட்டும் கருதாமல், ஊரின் காற்று, நீர் பற்றிய பொதுப் பிரச்னையாகவும் அரசு கருத வேண்டும்.

வயலில் செய்யக்கூடியவை

மருந்தை அடியோடு கைவிட எல்லோராலும் உடனே இயலாது. தேவையற்ற தெளிப்பை நிறுத்துவது எல்லோராலும் இயலும். அதற்குச் சில யோசனைகள்:

பூச்சியைக் கண்டவுடன் தெளிக்காமல் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். நெல்லில் தூர் பிடிக்கும் பருவத்தில் குருத்துப் பூச்சியால் 10 சதவிகிதக் குருத்துகள் காய்ந்தால்தான் மருந்து தேவை. புகையானைப் பொறுத்தவரை தூருக்கு ஒரு பூச்சி என்ற அளவைத் தாண்ட வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி காணப்பட்டால், தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுத்திருக்கலாம். சிலந்தி காசு வாங்காத காவல்காரன். மருந்து முதலில் கொல்வது அதைத்தான். செயற்கைப் பைரித்திராய்டு மருந்துகளை நெல்லில் அடித்தால் புகையான் மறுபடியும் பெருகும் என்பது அனுபவத்தில் கண்ட உண்மை. நடவின்போது எட்டடிக்கு ஒரு பட்டம் ஓரடி அகலத்தில் விட்டால் காற்றோட்டம் கிடைத்துப் புகையான் மட்டுப்படும்.

குருத்துப் பூச்சியின் முட்டைகளை அழிக்க டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் ஒட்டுண்ணி அட்டைகளை ஏக்கருக்கு 2 சி.சி. வீதம் வார இடைவெளியில் கட்டலாம். கத்தரியில் தண்டு, காய்த்துளைப்பானுக்கு ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறிகள் வைத்து, வாடிய குருத்துகளையும் துளைத்த காய்களையும் வாரம் தோறும் கிள்ளி அழித்துவர வேண்டும். பக்கத்து வயல்காரர்களும் சேர்ந்து செய்தால் பலன் கூடும். பண்ருட்டி, கடலூர் பகுதிக் காய்கறி விவசாயிகள் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தை அணுகி யோசனை பெறலாம்.

வேப்பங்கொட்டைக் கரைசலுக்கு, பருப்பு 10 கிலோவை இடித்து, துணியில் தளரக் கட்டி, 20 லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். காலையில் பிழிந்து வடிகட்டி, 200 லிட்டராக்கி, ஒட்டும் திரவம் 200 மில்லி சேர்த்து, ஓர் ஏக்கருக்கு மாலை வேளையில் தெளிக்கலாம். ஆனி, ஆடியில் உதிரும் வேப்பங்கொட்டையைப் பொறுக்கி நிழலில் உலர்த்தி வைத்தால் சம்பாவுக்குக் கைச்செலவு இல்லை.

ரசாயன மருந்தே தேவை என்றால், டப்பாவில் உள்ள முக்கோணத்தின் நிறத்தைப் பார்க்க வேண்டும். சிவப்பு மிகக் கொடிய விஷம், மஞ்சள் அடுத்தது, நீலம் அதற்கும் குறைவு, பச்சை எல்லாவற்றிலும் குறைவு. மூடிக் கணக்கில் ஊற்றாமல் அளவுக் குவளையில் அளந்து ஊற்ற வேண்டும். தெளித்த பின் எத்தனை நாள் கழித்து அறுவடை செய்ய வேண்டும் என்று டப்பாவில் அச்சிட்டிருக்கும். அந்த நாள் கணக்கைத் தாண்டாமல் காயைப் பறிப்பதும், வரப்புப் புல்லை அறுத்து மாட்டுக்குப் போடுவதும் தவறு. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளில் உபயோகிப்பது 2005 முதலே தடை செய்யப்பட்டுள்ளது. 36 சதவிகிதக் கரைசலையும் 2023-ல் மத்திய அரசு தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. எவரேனும் பழைய சரக்கை நீட்டினால் வாங்கக்கூடாது.

வீட்டில் செய்யக்கூடியவை

மருந்து அடித்த உடுப்போடு குழந்தையைத் தூக்கக்கூடாது. சோப்புப் போட்டுக் குளித்த பிறகே சாப்பிட உட்கார வேண்டும். அந்தத் துணியை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே துவைக்க வேண்டும். துவைப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்மணி. அவர் கருவுற்றிருந்தால் அந்த வேலையை வேறொருவர் செய்ய வேண்டும். மேலே கூறிய ஆராய்ச்சிகள் பலவும் கருவிலிருக்கும் சிசுவுக்கே ஆபத்து அதிகம் என்று காட்டுகின்றன. காலி டப்பாவைக் கழுவித் தண்ணீருக்கோ மண்ணெண்ணெய்க்கோ வைத்துக்கொள்ளும் பழக்கம் அறவே கூடாது. அதை மும்முறை அலசி, அந்நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிட்டு, டப்பாவில் ஓட்டை போட்டுவிட வேண்டும்.

கொதிக்கும் சாம்பாரையும் டீயையும் பிளாஸ்டிக் பையில் வாங்கி வருவதைக் கைவிட வேண்டும். பிளாஸ்டிக்கில் சேர்க்கும் தாலேட், பிஸ்பினால் போன்ற பொருள்களும் ஒபிசோஜன் பட்டியலில் சந்தேகிக்கப்படுபவை. சூடும் எண்ணெயும் பட்டால் அவை உணவில் இறங்கும். தமிழ்நாட்டில் ஒருமுறை உபயோகிக்கும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி முதல் தடை இருந்தும் கடைகளில் தொங்குகின்றன. வயலுக்குக் கஞ்சி கொண்டுபோன தூக்குவாளி டீக்கடைக்கும் போகலாம். காய்கறியை ஓடும் நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் மேலே ஒட்டியுள்ள மருந்தில் ஒரு பகுதி போகும். காய்க்குள் ஊடுருவியது போகாது.

சோற்றைக் குறைத்து உளுந்து, பயறு, மணிலா, கீரை ஆகியவற்றைக் கூட்டுவது எப்படியும் நல்லது. சம்பா அறுவடைக்கு முன் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பகுதிகளில் தெளிக்கும் உளுந்து முழுவதையும் விற்றுவிடாமல், வீட்டுக்கென்று ஒரு மூட்டை எடுத்து வைக்கலாம். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பட்டினி கிடந்து மளமளவென்று இளைப்பது கூடாது. கொழுப்பு கரையும்போது அதில் தங்கிய பழைய விஷங்கள் ரத்தத்தில் ஏறுவது கண்டறியப்பட்டுள்ளது. படிப்படியாக எடையைக் குறைப்பதே முறை.

அரசு செய்ய வேண்டியவை

தமிழக அரசு 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை வியாதியும் ரத்தக் கொதிப்பும் வீட்டுக்கே வந்து பரிசோதிக்கப்படுகின்றன. அந்தப் பதிவேட்டில், 'இவர் பூச்சி மருந்து தெளிப்பவரா? ஆண்டுக்கு எத்தனை நாள்?' என்று ஒரு கேள்வியைச் சேர்த்தால் போதும். செலவு ஏதும் இல்லை. இரண்டொரு ஆண்டுகளில் மதுரையில் கண்டது கடலூரிலும் உண்மையா என்பது தெரிந்துவிடும். கூலிக்கு மருந்தடிப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இலவச ரத்தப் பரிசோதனை அளிப்பது கட்டாயமாக்கப்பட வேண்டும். கையுறையும் முகக்கவசமும் இந்த வெயிலுக்கும் சேற்றுக்கும் ஏற்றவையாக, மலிவாக, வேளாண்மை அலுவலகங்களில் கிடைக்க வேண்டும்.

உழவர் சந்தைக் காய்கறிகளையும் கூட்டுறவுச் சங்கப் பாலையும் பருவத்துக்கு ஒருமுறை சோதித்து, முடிவை அறிவிப்புப் பலகையில் தமிழில் எழுதிவைக்க வேண்டும். தண்டிப்பதற்காக அன்றி, திருத்துவதற்காக இது நடைபெற வேண்டும். குறைந்த மருந்தில் விளைந்து ஒன்றிரண்டு துளையுடன் வரும் காய்க்குத் தனிக்கடை ஒதுக்கி, சற்றே கூடிய விலை கொடுத்தால், விவசாயிகள் தாமாகவே மாறுவார்கள். தெளிப்பைக் குறைப்பதால் வரும் விளைச்சல் இழப்பைச் சிறு விவசாயி மட்டும் சுமக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம். அதனால் நலம் பெறுவோர் எல்லோரும் அதில் பங்கேற்க வேண்டும்.

பூச்சி மருந்தின் விலை டப்பாவில் அச்சிட்ட ரூபாயோடு முடிவதில்லை. ஆரம்ப சுகாதார நிலைய வரிசையில் இழக்கும் கூலிநாளும், ஆயுள் முழுவதும் விழுங்கும் மாத்திரையும் அந்தக் கணக்கில் சேரக்கூடும். அடுத்த முறை டேங்கைத் தோளில் ஏற்றுவதற்கு முன், வயலில் இறங்கிப் பூச்சியையும் சிலந்தியையும் எண்ணிப் பார்க்கும் அரை மணி நேரம், விவசாயி தமது உடலுக்கும் பிள்ளைகளின் உடலுக்கும் செய்யும் நல்ல முதலீடாகும்.